பாக்குப் பூ

‘‘எனக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போதும்ப்பா. ரெண்டு மாலை, நாலு கையெழுத்து. மிச்சக் காசை பேங்க்ல போடுங்க!’’

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் என் மகள் இப்படிச் சொன்னாள். அவள் அம்மா கரண்டியும் கையுமாக என்னைப் பார்த்தாள். ‘ஏதாவது சொல்லுங்களேன்’ என்று அர்த்தம். எனக்கோ வாய் திறக்க யோக்கியதை இல்லை. 28 வருடங்களுக்கு முன் இதே வசனத்தை நான் என் அம்மாவிடம் சொன்னவன். அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். மூன்றாம் நாள் நான் மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் மகளுக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு கல்யாணக் கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பரில் ஆபீஸ் வேலையாக கம்போடியாவின் தலைநகரம் புனோம் பென்னுக்குப் போயிருந்தேன். அங்கே கூட வேலை பார்த்த பெண், ‘‘போங், சனிக்கிழமை தங்கச்சிக்குக் கல்யாணம். கண்டிப்பா வரணும்’’ என்றாள். ‘போங்’ என்றால் அண்ணன். அக்காவுக்கும் அதே சொல்தான். தெற்கே தாகியோ மாகாணத்தில் ஒரு கிராமம். போகிற வழியெல்லாம் வயல், வரப்பு, பனைமரம். நமக்கு மாநில மரம், அவர்களுக்கு தேசிய மரம். கண்ணை மூடித் திறந்தால் விழுப்புரம் தாண்டிப் போகிற மாதிரியே இருந்தது.

அங்கே முகூர்த்த மாதங்கள் மழை ஓய்ந்த பிறகுதான். புத்த பிட்சுகள் மடத்திலேயே தங்கும் மூன்று மாத மழைக்காலத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். மழை விட்டதும் தெருவுக்குத் தெரு பந்தல். ரோட்டை மறித்துப் போடுவதும், விடியற்காலை ஸ்பீக்கரை அலறவிடுவதும் நம் ஊரோடு போச்சு என்று நினைத்திருந்தேன். இல்லை!

காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. உறவுக்காரர்கள் ஜோடி ஜோடியாக வரிசையில் நின்று ஆளுக்கொரு தட்டு ஏந்தி வருகிறார்கள். பழம், பலகாரம், கோலா டின்னுக்குக்கூட கலர் பேப்பர் சுற்றி ரிப்பன் கட்டியிருக்கிறது. சீர்வரிசைதான், ஆனால் திசை மாறி, மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு. என் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு விருந்தாளியிடம் அன்னாசிப் பழத்தை நம்பி ஒப்படைத்ததில் எனக்கு ரொம்பப் பெருமை.

மாப்பிள்ளை பட்டு வேட்டியைப் பஞ்சகச்சம் மாதிரி பின்னால் இழுத்துச் செருகியிருந்தார். பெண்ணுக்கு ஜரிகை இழைத்த பட்டு, தோளில் குறுக்காக ஒரு மேலாடை, தலையில் கிரீடம். அரை நாளைக்குள் சிவப்பு, தங்கம், பச்சை, ஊதா என்று ஆறு முறை உடை மாற்றினார்கள். எண்ணினேன். உடையெல்லாம் பெரும்பாலும் வாடகைக்கு. மேக்கப் போடுகிறவரே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்துவிடுகிறார். கல்யாணத்தன்று ராஜா ராணியாக இருக்கவேண்டும் என்பது அங்கே ஐதீகம்.

சடங்கை நடத்திவைப்பவர் பெயர் ‘ஆச்சார்’. நம் ஆச்சாரியார்தான்! தலைமுடி வெட்டும் சடங்கு ஒன்று உண்டு. நிஜமாக வெட்டுவதில்லை, கத்தரிக்கோலைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெட்டுவது போலப் பாவனை. பழைய வாழ்க்கையை வெட்டிவிட்டாச்சு என்று அர்த்தம். பிறகு, கல்யாணமான தம்பதிகள் சுற்றி உட்கார்ந்து மெழுகுவத்தி விளக்கைக் கைமாற்றி, அதன் புகையை மணமக்கள் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். நம் ஆரத்தி ஞாபகம் வரும்.

கடைசியில், பெண்ணின் மேலாடை நுனியைப் பிடித்துக்கொண்டே மாப்பிள்ளை அறைக்குள் போகிறார். இதற்கு ஒரு கதை இருக்கிறது. எங்கிருந்தோ வந்த ஓர் இளவரசன், நாகலோக இளவரசியைக் கட்டிக்கொண்டு, அவள் மேலாடையைப் பிடித்தபடி தண்ணீருக்குள் போனானாம். மாமனார் நாகராஜா தண்ணீரைக் குடித்து வற்றவைத்து நிலத்தைச் சீதனமாகக் கொடுத்தாராம். அதுதான் கம்போடியாவாம். இதே கதையின் இன்னொரு வடிவத்தில் மாப்பிள்ளை பெயர் கௌண்டின்யன். வியட்நாமில் இருக்கும் 7-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றே அப்படிச் சொல்கிறது. நம்மூரில் கௌண்டின்ய கோத்திரக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் நடுவில் பாக்குப் பூ. கமுகம் பாளையைப் பிளந்து எடுத்த இளம் பூங்கொத்து. அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, மூத்தவர்களுக்கு ஒன்று. உறவுக்காரர்கள் மணமக்களின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டி வாழ்த்துவார்கள். மற்றவர்கள் அட்சதை மாதிரி பாக்குப் பூவைத் தூவுவார்கள். கயிறு கட்டுவதற்கு ‘சோங் டை’, அதாவது கையைக் கட்டுதல் என்று பெயர். மொய்க்கும் அதே பெயர்தான். பந்தல் வாசலில் மொய் மேஜை, கவர், நோட்டுப் புத்தகம், பக்கத்திலேயே க்யூ.ஆர். கோடு. மதுரையே தோற்றது போங்கள்.

நான் கயிறு கட்டுவதை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் பெண்ணின் பாட்டியைப் பார்த்தேன். எல்லோரும் மணமேடையைப் பார்க்க, அவர் மட்டும் பெண்ணின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காது கேட்காத தாத்தா.

‘‘பாட்டி, உங்க கல்யாணத்துல எத்தனை டிரெஸ் மாத்துனீங்க?’’

தமாஷாகத்தான் கேட்டேன். தோழி மொழிபெயர்க்கத் தயங்கினாள். பாட்டி விடவில்லை. என்ன கேட்டேன் என்று தெரிந்துகொண்டு பதில் சொன்னார்.

‘‘ஒண்ணு. கறுப்பு.’’

1978. கெமர் ரூஜ் ஆட்சி. 1975 ஏப்ரலில் நகரங்களைக் காலி செய்து எல்லோரையும் வயலுக்குத் துரத்தியவர்கள். கலர் துணி கூடாது, கோயில் கூடாது, குடும்பமே கூடாது. கிட்டத்தட்ட நான்கு வருடத்தில் பட்டினியிலும் நோயிலும் கொலைக்களத்திலுமாக 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் வரை செத்துப்போனார்கள் என்கிறார்கள்.

‘‘சாயந்தரம் கூப்பிட்டாங்க. பதினோரு ஜோடி வரிசையில நின்னோம். ‘கையைப் பிடி’ன்னாங்க. பிடிச்சோம். கட்சிக்கு விசுவாசமா இருப்போம்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னோம். அவ்வளவுதான். பாட்டு இல்லை, பூ இல்லை. அம்மா அப்பா எங்க இருக்காங்கன்னே தெரியாது. அவர் பேரே மறுநாள்தான் தெரியும். மாட்டேன்னு சொன்னா ஒரு பொண்ணு. அவளைக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரலை.’’

ராத்திரி அந்த ஜோடிகள் சேர்ந்து இருக்கிறார்களா என்று குடிசைக்கு அடியில் ஆள் வைத்து ஒட்டுக்கேட்பார்களாம். 2018 நவம்பரில், ஐ.நா. ஆதரவோடு நடந்த நீதிமன்றம் இந்தக் கட்டாயக் கல்யாணங்களை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று தீர்ப்புச் சொன்னது. நாற்பது வருடம் கழித்து!

‘‘79-ல அவங்க ஓடிட்டாங்களே, அப்ப நீங்க பிரிஞ்சிருக்கலாமே?’’ என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

‘‘நிறையப் பேர் பிரிஞ்சாங்க. எனக்குப் போறதுக்கு வீடு இல்லை. அவருக்கும் இல்லை. சேர்ந்தே நடந்தோம்.’’ கொஞ்சம் நிறுத்தி, ‘‘பிடிச்சுதான்னு மட்டும் கேக்காதே’’ என்றார். தாத்தா எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் காதில் விழவில்லை.

சடங்கு முடிந்ததும் கல்யாணப் பெண் மிச்சமிருந்த ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் வந்தாள். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். பாட்டி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். ‘‘கிழவிக்கு எதுக்குடி?’’ எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மத்தியானம் பந்தல் காலியாக இருந்தது. பாட்டி மட்டும் பாயில் குனிந்து, மிதிபடாத பாக்குப் பூக்களாகப் பார்த்துப் பொறுக்கித் துணி முனையில் முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் போனை எடுக்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதையை முடித்தபோது தோசை ஆறிப்போயிருந்தது.

‘‘அதனால நான் மண்டபம் வெச்சுக் கட்டிக்கணுங்கறியாப்பா?’’

‘‘இல்லைம்மா. வேணாம்னு சொல்றே பாரு, அந்த பாக்கியம் அவங்களுக்குக் கிடைக்கலை. வேணும்னு சொல்றதும் கிடைக்கலை. ரெண்டும் உன்கிட்ட இருக்கு. ரிஜிஸ்டர் ஆபீஸே போவோம். எனக்கு ஓகே.’’

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள்.

‘‘ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பூ தூவ விடுவாங்களாம்மா?’’