உள்ள ஆடையே உவந்த ஆடை

சிவகாசிப் பகுதியில் வாழ்வோருக்குத் தீபாவளி ஒருநாள் விழா அன்று. ஓராண்டு உழைப்பின் கணக்கு முடியும் நாள். ஆலைகளிலிருந்து வெடிகளும் மத்தாப்புகளும் நாடெங்கும் போய்ச் சேர்ந்து, தொழிலாளர் கையில் போனஸ் வந்து விழுகிற அந்தச் சில வாரங்களில், எங்கள் பக்கத்துத் துணிக்கடைகளில் நிற்க இடமிராது. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் எங்கும் இதே காட்சிதான்.

கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நமக்கோ இந்தத் துணிப் பருவம் இன்னும் நீளமானது. அயல் வீட்டுப் பிள்ளைகள் புத்தாடை உடுத்தும் நாளில் நம் பிள்ளைகள் ஏங்கி நிற்கலாகாது என்று தீபாவளிக்கு ஒன்று. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒன்று. புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலிக்கு ஒன்று. பங்குத் திருவிழாவுக்கு ஒன்று. இவற்றிடையே திருமணம், புதுநன்மை, காதணி விழா, புதுமனை புகுவிழா என்று உறவினர் வீட்டு நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் துணி எடுக்க வேண்டும். எடுத்தும் கொடுக்க வேண்டும்.

இதைப் பழித்துப் பேச நான் எழுதவில்லை. ஆண்டு முழுவதும் காகிதத்தோடும் கரிமருந்தோடும் மல்லாடிய ஒரு தாய், தன் மகளுக்குப் பளபளக்கும் பாவாடை ஒன்று வாங்கிக் கொடுத்து மகிழ்வதைக் குறைகூற எவருக்கு உரிமை உண்டு? ஆனால் பண்டிகைத் துணி தவணைத் துணியாகி, தவணைத் துணி வட்டித் துணியாகி, அடுத்த பண்டிகை வரும்வரை அந்தக் கடன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்குமானால், மகிழ்ச்சி எத்தனை நாளைக்கு? முன்பு மூட்டை சுமந்து தெருவில் வந்தவரிடம் மட்டுமே தவணை இருந்தது. இன்று கைப்பேசியைத் தடவினாலே சேலை வாசலுக்கு வந்துவிடுகிறது. பணம் பிறகு தரலாம் என்று அதுவும் ஆசை காட்டுகிறது.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றியவள். ஒரு டிசம்பரில், என் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கிறிஸ்து பிறப்புக் கலைநிகழ்ச்சிக்கு வரவில்லை. வானதூதர் வேடம் அவளுக்குத்தான். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மாலையில் வீடு தேடிப் போனேன். தாய் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டிக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: “அவளுக்கு இந்த வருசம் புதுத்துணி எடுக்க முடியல டீச்சர். எல்லாப் பிள்ளைகளும் புதுசு போட்டு வரும். எனக்கு எங்கன்னு கேக்கும்னு போக மாட்டேங்குறா.”

அந்தப் பிள்ளைக்கு ஆடை இல்லாமல் இல்லை. துவைத்து மடித்த நல்ல பாவாடை கொடியில் தொங்கியது. அது புதியதன்று என்பது ஒன்றே குறை. அந்தக் குறையை உண்டாக்கியவர் யார்? அவளுடைய பெற்றோர் அல்லர். விழா நாளில் புதியது உடுத்தாதவர் குறைந்தவர் என்னும் எழுதாத சட்டமே அதை உண்டாக்கியது. இயன்றவர்கள் ஒவ்வோராண்டும் கடைப்பிடிப்பதால், இயலாதவர்க்கும் அது கட்டாயமாகிவிடுகிறது. ஆடைச் செலவைக் குறைப்பது நம் பணப்பையைப் பற்றிய செய்தி மட்டும் அன்று என்று நான் எண்ணத் தொடங்கியது அந்தத் திண்ணையில்தான்.

நம் மாவட்டத்தின் பெருமகனாராகிய காமராசர் இதை நன்கு அறிந்திருந்தார். 1903இல் விருதுநகரில் பிறந்து, 1954 முதல் 1963 வரை தமிழகத்தின் முதலமைச்சராக இருந்த அவரது காலத்தில், பள்ளிகளில் மதிய உணவோடு சீருடையும் பரவியது. ஒரே பலகையில் அமரும் பிள்ளைகளில் எவர் செல்வர், எவர் வறியர் என்று சட்டை காட்டிக் கொடுக்கலாகாது என்பது அதன் உட்பொருள். அவரோ கதர் வேட்டி, கதர்ச் சட்டை, தோளில் ஒரு துண்டு என்ற அளவோடு கடைசிவரை வாழ்ந்து, 1975இல் மறைந்தார். விருதுநகரில் நினைவில்லமாக விளங்கும் அவரது எளிய வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

அவருக்கும் முன்னே, நமக்கு அண்மையிலுள்ள மதுரை நகரில் நிகழ்ந்தது இன்னும் பெரிது. 1921 செப்டம்பர் மாதம் மதுரைக்கு இரயிலில் வந்துகொண்டிருந்த காந்தியடிகள், உடன் வந்த பயணிகளிடம் கதர் அணியுமாறு வேண்டினார். கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை என்று அவர்கள் மறுமொழி கூறினர். தொப்பியும் சட்டையும் முழு வேட்டியுமாக அமர்ந்திருந்த அவரை அந்தச் சொல் உறுத்தியது. செப்டம்பர் 22 அன்று, மதுரை மேல மாசி வீதியில் தங்கியிருந்த இல்லத்தில், அரையாடை மட்டும் அணிவது என்று முடிவு செய்தார். முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றே எண்ணியிருந்தார். பின்னர் அதுவே வாழ்நாள் உடையாயிற்று. 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் அதே கோலத்தில் சென்றார். ஏழைக்கு இல்லாததைத் தானும் விட்டுவிட்டால், ஏழை வெட்கப்பட வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். 1948இல் அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதி தோய்ந்த ஆடை, இன்று மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அத்தகைய துறவு இல்லறத்தார் எல்லாருக்கும் ஆகாது. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இருப்பதை மகிழ்வோடு உடுத்துவது. அதைத்தான் என் கணவரும் நானும் செய்து பார்த்தோம். ஒரு திருநீற்றுப் புதனில் தொடங்கி அடுத்த திருநீற்றுப் புதன்வரை, எங்கள் இருவருக்கும் புதுத்துணி எடுப்பதில்லை என்று தீர்மானித்தோம்.

முதல் வேலையாக அலமாரியைக் காலி செய்து, எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினோம். என் சேலைகள் மட்டும் நாற்பத்தொன்று. பெரும்பாலானவை உறவினர் வீட்டு விழாக்களில் மரியாதைக்காகத் தரப்பட்டவை. அவற்றை மூன்றாகப் பிரித்தோம்: அப்படியே உடுத்தத்தக்கவை, செப்பனிட வேண்டியவை, பிறருக்குத் தரத்தக்கவை. செப்பனிட வேண்டியவையே மிகுதி. ஓரம் நைந்த சேலைகளுக்குப் புதிய ஃபால்ஸ் தைத்தேன். இறுகிப்போன ரவிக்கைகளுக்கு, உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்து அகலம் கூட்டினேன். என் கணவரின் சட்டைகளில் காலர் மட்டும் நைந்திருந்தவற்றை எங்கள் தெருத் தையற்காரரிடம் கொடுத்தோம். அவர் அதைப் பிரித்து, நையாத பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்துத் தந்தார். இந்தக் கலை தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். கேட்பவர்கள் இருந்தால் அல்லவா செய்பவர்கள் இருப்பார்கள்!

நம் அன்னையர் இவற்றையெல்லாம் எவரும் சொல்லித்தராமலே அறிந்திருந்தனர். பருத்திச் சேலைக்கு வடிகஞ்சி. வெள்ளைத் துணிக்கு நீலம். நிறச் சேலையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் உலர்த்துதல். பட்டுக்கு நடுவே வசம்பு. மடிப்பிலே சரிகை ஒடியாதிருக்க அவ்வப்போது பிரித்து வேறு விதமாக மடித்தல். வளரும் பெண்ணின் பாவாடையில் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்து, ஆண்டுக்கு ஒன்றாய்ப் பிரித்து விடுவர். சேலை நைந்தால் குழந்தைக்குத் தூளி. தூளியும் நைந்தால் தலையணை உறை. பின்னர் அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கரித்துணி. பிறந்த குழந்தையின் மேனியில் முதலில் படுவதும் பழந்துணியே. பலமுறை துவைத்து மென்மையான பருத்திக்கு இணையானது கடையில் இல்லை என்பது அவர்கள் கண்ட உண்மை.

பருத்தியைப் பற்றி எங்கள் பகுதி மக்களுக்கு வேறொரு பாடமும் உண்டு. பட்டாசு ஆலையில் பணிபுரிவோர் பருத்தி ஆடையே அணிய வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கைத் துணிகள் உராயும்போது அவற்றில் மின்னேற்றம் தேங்கும். காற்று வறண்ட நாளில் அதிலிருந்து தெறிக்கும் ஒரு சிறு பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள. மருந்து அறைக்குள் நுழையுமுன், தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு உடலிலுள்ள மின்னை இறக்குவதும் இதற்காகவே. தீப்பிடித்தால் செயற்கைத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பது மற்றோர் ஆபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த இந்த மண்ணில், இவை ஏட்டுச் செய்திகள் அல்ல. அன்றாடம் உயிரைக் காக்கத் துணை நிற்பது வெளுத்துப்போன பருத்திச் சேலை. ஆனால் கடன்பட்டு வாங்கப்படுவதோ ஒருமுறை உடுத்திப் பெட்டியில் வைக்கும் மினுமினுப்பு. எதற்கு நாம் அதிக மரியாதை தர வேண்டும்?

‘எல்லாரும் துணி வாங்குவதைக் குறைத்தால் நெசவாளர் பிழைப்பது எப்படி?’ என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. கரிசல் மண்ணின் பருத்தியால் வளர்ந்தது விருதுநகர்ச் சந்தை. 1936இல் தொடங்கி நூற்பாலைகளால் வளர்ந்தது இராசபாளையம். அருப்புக்கோட்டையிலும் சுந்தரபாண்டியத்திலும் தறியே குடும்பங்களுக்குச் சோறு போட்டது. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. நம் மாவட்டமே துணியால் வாழும் மாவட்டம். ஆனால் நாலு மலிவுச் சேலைகளுக்குச் செலவிடுகிற பணத்தில் நல்ல கைத்தறிச் சேலை ஒன்று வாங்கி, பத்தாண்டு உடுத்துகிறவர் நெசவாளருக்குப் பகைவர் அல்லர். அவரே உண்மையான ஆதரவாளர்.

மலிவுத் துணியின் விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பாழானதன் காரணமாக, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து, அயல்நாட்டாருக்கு ஆடை தைத்துக்கொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். ஆபத்தான தொழில் இன்னதென்று அறிந்த நமக்கு, அந்தத் தாய்மாரின் அழுகுரல் அந்நியமாகப் படாது.

எங்கள் முயற்சியில் கடினமாக இருந்தது நம் துணியைக் குறைப்பது அன்று. பிறருக்குக் கொடுக்கும் துணியைக் குறைப்பதுதான். தாய்மாமன் வீட்டுச் சீரில் சேலை இல்லையென்றால், அது சிக்கனம் என்று கொள்ளப்படாது. அவமதிப்பு என்றே கொள்ளப்படும். ஆகவே ஒருவர் தனியே இதைச் செய்ய முடியாது. என் தாயாரின் நினைவுத் திருப்பலிக்குக் கூடியபோது, உடன்பிறந்தோர் ஐவரும் அமர்ந்து பேசினோம். இனி ஒரு நிகழ்ச்சிக்கு, நிகழ்ச்சிக்குரியவருக்கு மட்டுமே துணி. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு ஆளுக்கொன்று எடுப்பதில்லை. அந்தத் தொகையை அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கென்று வங்கியில் போடுவது. மூத்த அண்ணிக்குச் சற்று மனத்தாங்கல்தான். “ஊர் என்ன சொல்லும்?” என்றார். “நாம அஞ்சு பேரும் ஒண்ணாச் சொன்னா ஊர் கேட்டுக்கிடும் அண்ணி,” என்றான் என் கடைசித் தம்பி. அவர் சிரித்துவிட்டார், முடிவும் நிலைத்தது.

அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு, என் மகள் பிறந்த ஆண்டில் வாங்கிய சுங்கிடிச் சேலையைக் கஞ்சி போட்டு உடுத்திச் சென்றேன். வெளியே வரும்போது, பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அருகில் வந்து, “சேலை நல்லாருக்கு டீச்சர், எந்தக் கடையில எடுத்தீக?” என்றாள். சேலையின் வயதைச் சொன்னேன். என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். “அப்ப நானும் அடுத்த வருசம் இருக்கிறதையே கட்டிக்கிட்டு வரலாம்ல?” என்றாள். நாற்பத்தொரு சேலைகளில் எதுவும் அத்தனை மகிழ்ச்சியை எனக்குத் தந்ததில்லை.

நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். நான்காம் நூற்றாண்டில் போர்வீரராயிருந்த அவர், குளிரில் நடுங்கிய இரவலருக்குத் தம் மேலங்கியை இரண்டாய் வெட்டிப் பாதியைத் தந்தவர். அவர் கொடுத்தது கழித்துப்போட்ட கந்தை அன்று. தாமே உடுத்தியிருந்த ஆடை. அவர் திருநாள் நம் துணிப் பருவத்தின் நடுவே வருவது எவ்வளவு பொருத்தம்! அன்று நம் அலமாரிகளைத் திறப்போம். உடுத்தத்தக்க நல்ல ஆடைகளில், நமக்கு மிகுதியானவற்றைத் துவைத்துத் தேய்த்து, பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் வழியாகத் தேவைப்பட்டோர்க்கு அனுப்புவோம். கிழிந்தவற்றைத் தைப்போம். வரும் கிறிஸ்து பிறப்புக்குப் பெரியவர்களாகிய நாமாவது நம்மிடம் உள்ள ஆடையையே தூய்மையாக உடுத்தி, நிமிர்ந்த தலையோடு ஆலயத்துக்குச் செல்வோம். புதுத்துணி கிடைக்காத பிள்ளை ஒன்று நம் பங்கில் இருந்தால், அன்று அது வீட்டில் ஒளிந்துகொள்ளாமல் நம் அருகில் வந்து அமரும்.