சட்டைக்குள் ஒரு துவக்கு

நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். இந்தக் காலத்தில் ‘துப்பாக்கிச் சூடு’ என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ‘இனந்தெரியாத ஆயுததாரிகள்’, ‘ஸ்தலத்திலேயே பலி’ என்பனவெல்லாம் எங்கள் அச்சுக்கோப்பாளர்கள் பிரதியைப் பார்க்காமலே கோத்துவிடக்கூடிய அளவுக்குப் பழகிப்போன சொற்கள். ஆனால், கைத்துப்பாக்கி விற்கும் கடையொன்றுக்குள் நான் முதன்முதலாகக் காலடி வைத்தது 2023ஆம் ஆண்டில்தான். அதுவும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில். வாங்கப் போனவன் நானல்ல, என் பள்ளித் தோழன்.

1983 கலவரத்தின் பின்னர் நாட்டைவிட்டுப் போனவன் அவன். ஹியூஸ்டன் நகருக்கு வெளியே ஒரு பெற்றோல் நிலையமும் அதனோடு சேர்ந்த சிறு கடையும் நடத்துகிறான். அந்த வருடம் பெப்ரவரியில் ஓர் இரவு, கடையைப் பூட்டுவதற்குச் சற்று முன்னர், முகத்தைத் துணியால் மூடிய இளைஞன் ஒருவன் உள்ளே வந்து துப்பாக்கியை நீட்டிக் கல்லாப்பெட்டியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். போன பணம் முந்நூறு டொலர் வரையில்தான். ஆனால் அதன் பின்னர் தோழனுக்கு நித்திரை இல்லை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக நான் அங்கு போயிருந்தபோது என்னிடம் சொன்னான்:

“மச்சான், நீ துவக்குகளுக்கை சீவிச்சவன். ஒருக்கா என்னோட வந்து பார். சட்டைக்குள்ளை வைச்சுக்கொண்டு திரியக்கூடியதாய் ஒரு சின்னச் சாமான் எடுக்கவேணும்.”

துவக்குகளுக்குள் சீவித்தவன் என்பது உண்மைதான். ஆனால் குழாயின் எந்தப் பக்கத்தில் நின்று சீவித்தேன் என்பதை அவன் யோசிக்கவில்லை.

எங்கள் நாட்டில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. தோட்டத்துக்குள் வரும் பன்றியைச் சுடும் துவக்குக்குக்கூட வருடாவருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். டெக்சாஸிலோ, 2021 செப்டெம்பர் 1ஆம் திகதியிலிருந்து, 21 வயது நிரம்பிய, சட்டத்தால் தடுக்கப்படாத எவரும் அனுமதிப்பத்திரம் எதுவுமின்றியே கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடமாடலாம். கடையில் ஒரு படிவத்தை நிரப்பவேண்டும்; வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பார்கள்; அவ்வளவுதான்.

கடைக்காரர் பொலிஸ் சேவையிலிருந்து ஓய்வுபெற்றவர். மிகவும் மரியாதையான மனிதர். தோழன் தன் தேவையைச் சொன்னதும், துப்பாக்கி எதையும் எடுத்துக் காட்டவில்லை. கண்ணாடி மேசையின் மேல் ஐந்து ரவைகளை, சிறியதிலிருந்து பெரியதாக, வரிசையாக நிறுத்தி வைத்தார்: 22, 25, 32, 380, 9 மில்லிமீற்றர். முதல் நான்கு இலக்கங்களும் அங்குலக் கணக்கில் சன்னத்தின் விட்டத்தைக் குறிப்பன. 22 என்றால் ஓர் அங்குலத்தின் நூறில் இருபத்திரண்டு பங்கு. 380 என்பது ஆயிரத்தில் முந்நூற்றியெண்பது. அதுவும் ஒன்பது மில்லிமீற்றர் விட்டம் உடையதுதான். கோதுதான் குட்டை, மருந்து குறைவு.

“எது நல்லது என்று எல்லாரும் கேட்கிறார்கள். உங்கள் கை எதைத் தாங்கும், உங்கள் உடை எதை மறைக்கும் என்றுதான் நான் கேட்பேன்” என்றார் அவர்.

அதன் பிறகு அவர் சொன்னவை எனக்கு ஒரு புதிய பாடமாக இருந்தன. மறைத்து வைப்பதற்குத் துப்பாக்கி சிறிதாக வேண்டும். சிறிதானால் பாரம் குறையும். பாரம் குறைந்தால் சுடும்போது பின்னுதைப்பு முழுவதும் கைக்குத்தான் வரும். குழாய் குட்டையானால் சன்னத்தின் வேகமும் குறையும். குறி பார்ப்பதும் கடினம். அதாவது, ஒளிப்பதற்கு மிக இலகுவானது சுடுவதற்கு மிகக் கடினமானது. 2008இல் வெளிவந்து பெரும் விற்பனையான ருகர் நிறுவனத்தின் 380 விட்டக் கைத்துப்பாக்கி, வெறுமையாக ஏறத்தாழ 270 கிராம்தான். சட்டைப்பைக்குள் போட்டால் தெரியாது. ஆனால் சுட்டுப் பழகுவதை விரும்புகிறவர்கள் மிகக் குறைவு என்றார்.

22 ரவை 1887இலிருந்து இருக்கிறது. மலிவானது, உதைப்பு இல்லாதது. ஆனால் அதைப் பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருப்பதால், ஏனையவற்றைவிட வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். அந்தக் குறையை நீக்கத்தான், நடுவில் பற்றும் 25 ரவையை ஜோன் பிறவுணிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தார். 1899இல் வந்த 32உம், 1908இல் வந்த 380உம் அவருடைய பிள்ளைகள்தான்.

“சின்ன ரவை ஆளைக் கொல்லாதா?” என்று தோழன் கேட்டான்.

இதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன். றொபேர்ட் கென்னடியை 1968இல் கொன்றது 22. றொனால்ட் றேகனை 1981இல் மரணத்தின் வாசல்வரை கொண்டுபோனதும் 22. அதுவும் வாகனத்தில் பட்டுத் தெறித்து வந்த சன்னம். 1914இல் சரயேவோவில் ஓஸ்திரிய இளவரசரைச் சுட்டது 380. 1948இல் மகாத்மா காந்தியின் மார்பில் பாய்ந்த மூன்று சன்னங்களும் அதே 380தான். கொல்வதற்குச் சின்ன ரவை தாராளமாகப் போதும்.

கடைக்காரர் தலையாட்டினார். “கொல்லும். ஆனால் உங்கள் நண்பருக்குத் தேவை அதுவல்ல. தன்னை நோக்கி வருபவனை அந்தக் கணத்தில் நிறுத்துவது. அது வேறு விடயம்” என்றார்.

1986 ஏப்ரல் 11ஆம் திகதி மயாமி நகரில் நடந்த மோதலை அவர் உதாரணம் காட்டினார். வங்கிக் கொள்ளையர் இருவருடன் எப்.பி.ஐ. அதிகாரிகள் மோதினர். கொள்ளையரில் ஒருவரின் கையைத் துளைத்து மார்புக்குள் சென்ற 9 மில்லிமீற்றர் சன்னம் இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னதாகவே நின்றுவிட்டது. உயிராபத்தான அந்தக் காயத்தோடேயே அவர் தொடர்ந்து சுட்டு இரண்டு அதிகாரிகளைக் கொன்றார், ஐவர் காயமடைந்தனர். அதன் பின்னர்தான், சன்னம் ஜெலற்றின் கட்டிக்குள் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை எப்.பி.ஐ. வகுத்தது. பல வருடங்கள் பெரிய விட்டங்களைத் தேடிப் போன அந்த நிறுவனம், 2010களின் நடுப்பகுதியில் மீண்டும் 9 மில்லிமீற்றருக்கே திரும்பியது. இதயமே சிதைந்த பின்னரும் ஒருவரின் மூளையில் பத்துப் பதினைந்து விநாடிகள் இயங்குவதற்கான பிராணவாயு எஞ்சியிருக்கும் என்கிறது அவர்களுடைய 1989ஆம் ஆண்டு அறிக்கை. பத்து விநாடிகளில் என்னென்ன நடக்கலாம் என்பது எங்கள் ஊரவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பாய்ந்ததும் விரிகின்ற, முனை குழிந்த சன்னங்களையும் காட்டினார். போரில் இவற்றைப் பயன்படுத்துவதை 1899இல் ஹேக் பிரகடனம் தடைசெய்தது. அவற்றின் பழைய பெயர் ‘டம்டம்’. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச்சாலையில் வெள்ளைக்காரன் செய்தது. போர்க்களத்தில் தடைசெய்யப்பட்டது பெற்றோல் நிலையத்தில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சிறிய விட்டத்தில் அது விரிந்தால் ஆழம் போதாது, விரியாவிட்டால் அந்தக் குழிவினால் பயனில்லை.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாலும், என் கண்கள் வரிசையில் இரண்டாவதாக நின்ற ரவையிலேயே இருந்தன. குட்டையான, செம்பு முனை மழுங்கிய, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே நீளமான ரவை. அதை நான் முன்னர் பார்த்திருக்கிறேன்.

“இது 25தானா?” என்று கேட்டேன்.

“ஆம். ஐரோப்பாவில் 6.35 மில்லிமீற்றர் என்பார்கள். ஜேம்ஸ் பொண்டே இதை வைத்திருந்தார். பிறகு அவரிடமிருந்து இதைப் பறித்துவிட்டு 7.65ஐக் கொடுத்தார்கள்” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. 6.35. அந்த இலக்கத்தைப் பதினேழு வருடங்களாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

2006 மே 2ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். இரவில் தொலைபேசி அடிக்கும். எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள் மூச்சுக்குப் பதிலாக என் மகளின் பாடசாலைப் பெயரை ஒரு குரல் சொல்லிற்று. இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். இரண்டு நாட்களின் பின்னர் அவர் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிஸ்டல். உலோகத்தில் 6.35 என்று பொறித்திருந்தது. “கிட்ட வந்தால் மட்டும் சுடும்” என்றார். அனுமதிப்பத்திரம் என்ற பேச்சே எழவில்லை. ஒரு சுற்றிவளைப்பில் அது அகப்பட்டிருந்தால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என் கதை அத்துடன் முடிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் வாங்கினேன்.

பதினொரு நாட்கள் அது என்னிடம் இருந்தது. பயம் குறையும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. பேருந்தில் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதை விட்டு இடுப்பைப் பார்க்கத் தொடங்கினேன். படியில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் ஓர் உருவம் கொடுத்தேன். மனைவிக்குச் சொல்லவில்லை, ஆனால் நான் வேறொரு ஆளாகிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை, ஐந்து மணி இருக்கும், யாரோ கதவைப் பலமாகத் தட்டினார்கள். பிஸ்டலை எடுத்துக்கொண்டு கதவின் பக்கத்தில் நின்றேன். தட்டல் நிற்கவில்லை. விரல் விசையில் இருந்தது. ‘யார்’ என்று கேட்க என் வாய் எழவில்லை. மனைவிதான் பின்னால் வந்து கேட்டாள். கீழ் வீட்டுப் பையன். பத்து வயது. அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல், ஐஸ்கட்டி இருக்கிறதா என்று கேட்க வந்திருந்தான்.

மனைவி என் கையைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பையனுக்கு ஐஸ் எடுத்துக் கொடுத்தாள். அன்று மாலையே அந்தப் பொதியை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதன் பின்னர் பல தடவை யோசித்திருக்கிறேன். நிமலராஜனை 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், எழுதிக்கொண்டிருந்தபோது யன்னலுக்கு வெளியே நின்று சுட்டார்கள். அவருடைய மேசையில் ஒரு துவக்கு இருந்திருந்தாலும் அதை எடுக்க நேரம் இருந்திருக்காது. சிராமுக்கு அல்ல, எங்களில் எவருக்கும் இல்லாத அளவு ஆயுத அறிவு இருந்தவர் சிவராம். 2005 ஏப்ரல் 28ஆம் திகதி பம்பலப்பிட்டியில் அவரைக் கடத்திச் சென்றார்கள், மறுநாள் சடலம்தான் கிடைத்தது. 1989 ஜூலை 13ஆம் திகதி அமிர்தலிங்கத்தின் வீட்டில் பொலிஸ் காவல் இருந்தது. சுட்டவர்களைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அமிர்தலிங்கம் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். தேடி வருகிறவனுக்கு நேரமும் இடமும் தெரியும். காத்திருப்பவனுக்கு இரண்டும் தெரியாது. இந்த வித்தியாசத்தை எந்த விட்டமும் நிரப்பாது.

கடைக்குப் பின்னால் இருந்த சூட்டுப் பயிற்சிக்கூடத்தில் தோழன் ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தான். நான் கண்ணாடிக்கு இப்பால் நின்றேன். வருகை விசாவில் போனவன், வேட்டை அனுமதி போன்ற சில விதிவிலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். சின்ன 380 அவன் கையிலிருந்து துள்ளியது. 9 மில்லிமீற்றர் நன்றாகச் சுட்டது. ஆனால் அவனுடைய மூட்டுவாத விரல்களால் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து ரவை ஏற்ற முடியவில்லை. கடைசியில், குழாயைத் தனியே மேலே நிமிர்த்தி ரவை வைக்கக்கூடிய ஒரு 32ஐ எடுத்தான். வீட்டில் விட்டுவிட்டு வரும் பெரியதைவிடக் கையில் இருக்கும் சிறியது மேல் என்றார் கடைக்காரர். அவர் நிலையில் நின்று பார்த்தால் அது சரிதான்.

அன்றிரவு வீட்டு முற்றத்தில் இருந்தபோது அந்தப் பதினொரு நாள் கதையை அவனுக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தான்.

“இதைக் கடைக்குப் போக முதல் ஏன்டா சொல்லேல்லை?”

என்னிடம் பதில் இல்லை. வெட்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எத்தனையோ பேரின் மரணத்தை எழுதியவனுக்குத் தன் விரல் விசையில் இருந்ததை எழுத முடியவில்லை.

இன்னொன்றையும் அவனுக்குச் சொன்னேன். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேல், தற்கொலை செய்துகொண்டவர்கள். அவனுடைய பேரன் அப்போது பதினைந்து வயது. அடிக்கடி அறையைப் பூட்டிக்கொள்கிற பையன். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவை வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தது போதும் என்று தோன்றியது. மறுநாள் காலை அவன் மீண்டும் கடைக்குப் போய் ஓர் இரும்புப் பெட்டி வாங்கி வந்து, அலுமாரிக்குள் திருகாணி போட்டுப் பூட்டினான். திறக்கும் இலக்கத்தை மனைவிக்கு மட்டும் சொன்னான்.

போன மாதம் தொலைபேசியில் பேசினான். கடையை இப்போது இரவு ஒன்பது மணிக்கே பூட்டிவிடுகிறானாம். கல்லாவுக்கு முன்னால் தடித்த கண்ணாடி போட்டிருக்கிறானாம். வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நித்திரை வருகிறது என்றான்.

“சாமான்?” என்று கேட்டேன்.

“பெட்டிக்குள்ளை கிடக்கு மச்சான். முதல் ரெண்டு மாசம் கொண்டு திரிஞ்சன். பிறகு, கடைக்கு வாற பெடியளின்ரை முகத்தைப் பாக்காமல் இடுப்பைப் பாக்கிறன் எண்டு மனிசி சொன்னாள். அதோடை விட்டிட்டன்.”