பட்டறை போன ஊருக்கு ஒரு டிக்கெட்!

எங்கள் ஆபீஸில் ஒரு சர்க்குலர் வந்தது. பொதுவாக சர்க்குலர்களை நாங்கள் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அதன் மேலேயே டீ கிளாஸை வைத்துவிடுவோம். இதை மட்டும் ஆளுக்கு நாலு தடவை படித்தோம். 'நிர்வாக வசதியை முன்னிட்டு' எங்கள் செக்‌ஷனைத் திருச்சியிலிருந்து சென்னைக்கு மாற்றப் போகிறார்களாம். வர சம்மதமா, இல்லையா என்று பதினைந்து நாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சம்மதம் இல்லையென்றால் என்ன ஆகும்? அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. முக்கியமான விஷயத்தை எந்த சர்க்குலர் சொல்லியிருக்கிறது!

ராத்திரி தூக்கம் வரவில்லை. கொல்லைப்புறம் போய் ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்தேன். "ஏங்க, ஆட்டுக்கல் மேல உக்காராதீங்க... தரித்திரம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் அந்தக் கல்லைச் சரியாகப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் டிரான்ஸ்பர் ஆனது அதுதான்!

அது நாகப்பட்டினத்துக் கல். என் அப்பாயியின் அப்பா அங்கே ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பட்டறையையே பொன்மலைக்கு மாற்றியபோது குடும்பமும் கிளம்பியது. "எதை வேணா விட்டுட்டு வர்றேன், இந்தக் கல்லை விட மாட்டேன்" என்று அவர் சம்சாரம் பிடித்த பிடிவாதத்தில், கல்லும் ரயிலேறியது. அப்பாயிக்கு அப்போது ஐந்தாறு வயசு. சாகிற வரைக்கும் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் "நாகப்பட்டினம்" என்றுதான் சொல்லுவாள். எழுபது வருஷத்துக்கு மேல் பொன்மலைப்பட்டியில் இருந்துகொண்டு!

சரி, ஒரு பட்டறையை இழந்த ஊர் எப்படித்தான் இருக்கும், பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக்கால் பாசஞ்சரில் ஏறினேன்.

* * *

இந்த வழியில் எட்டு வயதில் நாகூருக்குப் போயிருக்கிறேன். அப்போது மீட்டர் கேஜ், கரி எஞ்சின். ஜன்னலோர சீட்டுக்காகத் தங்கையோடு சண்டை போட்டு ஜெயித்து, நீடாமங்கலம் தாண்டுவதற்குள் கண்ணில் கரித்தூள் விழுந்து அழுதேன். அம்மா முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி கண்ணில் ஒற்றி எடுத்தாள். கிளம்பும்போது வெள்ளையாக இருந்த சட்டை, நாகூரில் இறங்கும்போது சாம்பல் கலர். இன்று ஜன்னலில் தலையை நீட்டினாலும் சட்டை வெள்ளையாகவே இருக்கிறது. என்னவோ டிக்கெட் காசு முழுசாகச் செரிக்காத மாதிரி ஓர் உணர்வு!

கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல்... வயலும் வாய்க்காலுமாக ஓடும் இந்தப் பாதைக்குப் பெரிய சரித்திரம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது. ஐந்தே வருஷத்தில், 1861-ல், கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற ஆங்கிலக் கம்பெனி நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ரயில் விட்டுவிட்டது. அடுத்த வருஷம் திருச்சி. நாகப்பட்டினத்துக்கு ஏன் இந்த முன்னுரிமை? கப்பல்! ரயில் பாதைக்கு வேண்டிய சாமானை இறக்கவும், டெல்டாவின் விளைச்சலை ஏற்றவும் துறைமுகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இன்னொரு கூத்தும் உண்டு. முதலில் போட்டது பிராட்கேஜ். 1875 வாக்கில் அதைப் பிடுங்கி மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள். 2010 வாக்கில் மறுபடியும் பிராட்கேஜ்! அரசாங்க வேலையில் 'பழையபடி' என்ற ஆர்டர் வர இத்தனை காலம் ஆவது ஒன்றும் புதிதல்லவே!

* * *

நாகப்பட்டினம் ஸ்டேஷனில் இறங்கினேன். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் பெட்டி படுக்கையோடு பஸ்ஸைத் தேடி ஓடினார்கள். ஐந்து நிமிஷத்தில் பிளாட்ஃபாரத்தில் நானும் ஒரு நாயும் மட்டும் மிச்சம்.

வெளியே ஒரு இளைஞரிடம், "தம்பி, இங்க பழைய ஒர்க் ஷாப் எங்க இருந்துச்சு?" என்றேன்.

"பைக்கா, காரா சார்?" என்றார்.

இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் கிழக்கே கையைக் காட்டினார், இன்னொருவர் மேற்கே. ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட இடம்... இன்று கேட்டால் டூவீலர் மெக்கானிக் ஷெட்டுக்கு வழி சொல்கிறார்கள்!

கடற்கரைப் பக்கம் ஒரு டீக்கடையில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் அகப்பட்டார். அவருடைய தகப்பனார் துறைமுகத்தில் சுமை தூக்கியவராம்.

"கப்பல் கரைக்கு வராது தம்பி. தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். படகுல ஏத்திக்கிட்டுப் போயி விடணும். பினாங்கு, சிங்கப்பூரு போற சனம் ரயில்ல வந்து எறங்கும். வெங்காய மூட்டையும் எறங்கும். ரெண்டையும் ஒண்ணாத்தான் ஏத்துவோம்!"

"பட்டறை?"

"அது எங்கய்யா காலத்துலயே போயிடுச்சு. பட்டறை போனப்ப ஊரு பாதி காலி, கப்பல் நின்னப்ப மீதியும் காலின்னு சொல்லுவாங்க."

அவர் சொன்னதில் கணக்கு சரியாகவே இருக்கிறது. நாகை, போத்தனூர் என்று சிதறிக் கிடந்த பட்டறைகளையெல்லாம் ஒன்றாக்கி, 1926-லிருந்து 1928-க்குள் பொன்மலைக்குக் கொண்டுபோனது சவுத் இந்தியன் ரயில்வே. மேப்பை விரித்துப் பார்த்தால் கம்பெனி பக்கம் நியாயம் தெரியும். திருச்சி நட்டநடுவில் இருக்கிறது, நாகப்பட்டினம் மூலையில். ஆனால் மேப்பில் மனுஷனைப் போடுவதில்லையே! மாற்றத்தோடு ஆட்குறைப்பும் வந்தது. பத்து, இருபது வருஷம் சுத்தியல் பிடித்தவனைக் கூப்பிட்டு, 'உனக்கு வேலை தெரியுமா' என்று பரீட்சை வைக்கப் போவதாகச் சொன்னார்கள். 1928 ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. பத்து நாளில் அது ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஸ்டிரைக் இரண்டு சகோதரர்களைப் பிரித்தது. அண்ணன் பரீட்சை எழுதி பொன்மலையில் நிலைத்தார். தம்பி மறுத்தார், வேலை போனது. நாகப்பட்டினத்தில் நீராவிக் கப்பல் ஏறி பினாங்கு போனவர், இரண்டு கடிதம் போட்டார். மூன்றாவது வரவில்லை. ஒருத்தரை நீராவி ரயில் கொண்டுபோனது, இன்னொருத்தரை நீராவிக் கப்பல். யார் செய்தது சரி என்று அப்பாயியிடம் கேட்டிருக்கிறேன். "சித்தப்பாவுக்கு ரோசம், அப்பாவுக்கு அஞ்சு புள்ள" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

கப்பல் கதையும் முடிந்துதான் போனது. 1926-ல் கட்டிய 'ரஜூலா' 1973 வரை ஓடியது. பிறகு 'எம்.வி. சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு சிங்கப்பூர் பயணமும் நின்றது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்த ஊரை எப்படி அடித்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது ஊரே கரையில் நின்று பார்த்ததாம். "போவுது, நிக்குது, போவுது... ஆனா கப்பல்னு ஒண்ணக் கண்ணால பாத்தமே, அது போதும்" என்றார் பெரியவர்.

கிளம்பும்போது நான் பொன்மலைப் பட்டறைக்காரர் வீட்டுப் பேரன் என்றேன். பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட, எங்க பட்டறையா! நல்லா நடக்குதா?"

'எங்க பட்டறை'! அவர் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட பட்டறை! நன்றாக நடப்பதாகச் சொன்னேன். ஊட்டி மலை ரயிலுக்கு 2011-க்குப் பிறகு பொன்மலையிலேயே புது நீராவி எஞ்சின்கள் செய்து அனுப்பியதையும் சொன்னேன். "நீராவியா? இன்னுமா?" என்று கேட்டு, பொக்கை வாய் கொள்ளாமல் சிரித்தார். டீக்குக் காசு வாங்கக் கடைக்காரரை விடவில்லை.

திரும்பும் ரயிலில் எனக்கு ஒன்று புரிந்தது. தொழில் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்கிறது. கைவேலை தெரிந்தவனும் பிழைத்துக்கொள்கிறான். வழி கேட்டால் சொல்ல ஆளில்லாமல் நிற்பது ஊர்தான். எந்த சர்க்குலரிலும் ஊருக்கு ஒரு காப்பி போடுவதில்லை.

பதினான்காம் நாள் 'சம்மதம்' என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

போன வாரம் சாமான் ஏற்றுகிற லாரிக்காரர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றார். "சார், சென்னையில ஃப்ளாட்டு. கிரைண்டர் வேற வெச்சிருக்கீங்க. இந்தக் கல்லு எதுக்கு? இதுக்குத் தனி சார்ஜ் ஆவும்."

"ஆகட்டும், கொடுத்துடறேன்" என்றாள் என் மனைவி.