வளைவில் கற்ற பாடம்

சின்னக்கானலில் எனக்கு ஒரு சிறு பட்டறை உண்டு. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளே என் பிழைப்பு. என் தந்தையார் போடியிலிருந்து வந்து குடியேறியவர். முப்பது ஆண்டுகள் போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவர். விடியுமுன் அடிவாரத்தில் தோட்டவேலைப் பெண்களை ஏற்றிப் பனிமூட்டத்தினூடே மலையேறுவார். மாலையில் அவர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பார். இத்தகைய குடும்பத்திற் பிறந்த பதின்மூன்று வயதுப் பையன் பந்தய வண்டி ஓட்டுகிறான் என்றால், அன்பர்கள் நகைக்கக்கூடும். முதலில் நானும் நகைத்தவனே.

என் மகன் கோயம்புத்தூரில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான். அங்கேதான் கோ-கார்ட் என்னும் சிறுவண்டியின்மீது அவனுக்கு ஆசை பிறந்தது. 1956-இல் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் பொறிக்கு உரிய எஞ்சின் ஒன்றைக் குழாய்ச் சட்டத்திற் பூட்டி ஓட்டினார். அதுவே இவ்வண்டிகளுக்கு மூதாதை. இன்று உலகப் புகழ் பெற்ற பந்தய வீரர் பலரும் சிறுவயதில் இதிலேதான் கை பழகுகின்றனர்.

பார்வைக்கு விளையாட்டுச் சாமான் போலிருக்கும். ஆனால் பட்டறைக்காரனாகிய நான் அதைக் குனிந்து பார்த்தபோது வியந்து போனேன். பின்னச்சு ஒரே தண்டு. இரு பின்சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்திற் சுழலும். ஆகையால் வளைவிலே உட்புறப் பின்சக்கரம் சற்றே தரையை விட்டு எழும்பினாலன்றி வண்டி திரும்ப மறுக்கும். அதை எழுப்புவது ஓட்டுபவனின் கைத்திறன். ஸ்பிரிங்கும் இல்லை, இருக்கைப் பட்டையும் இல்லை. தரையின் ஒவ்வொரு அதிர்வும் முதுகெலும்பிலே தெரியும்.

ஆசைக்கு விலை உண்டு. வண்டியை வாடகைக்குத்தான் எடுக்கிறோம். டயர், எண்ணெய், போக்குவரவு எல்லாம் சேர்ந்தால் பட்டறை வருமானம் பற்றாது. சென்ற ஆண்டு என் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனமே எனக்குப் பெருஞ்சுமையாயிற்று.

அப்பருவத்தின் கடைசிப் போட்டியில் மகன் இரண்டாவதாக வந்தான். ஆனால் முன்சென்ற பையனை இடித்துத் தள்ளி முந்தியதாக அவன்மீது குற்றம் கூறப்பட்டது. அது உண்மையே. நேரத் தண்டனை விதித்தார்கள், பரிசு கைநழுவியது. இரவெல்லாம் அழுதான். வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன்: அவன் இடித்ததற்காக நான் வருந்தவில்லை, அகப்பட்டுக்கொண்டதற்காகவே வருந்தினேன்.

புதிய பருவத்தின் முதற்போட்டிக்குத் தந்தையாரையும் அழைத்துச் சென்றேன். மூணாறு, மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத்தளத்தை அடைந்தோம். பந்தய வண்டிகளைத் தாமே வடிவமைத்து, 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்த கரிவரதன் அவர்களின் நினைவாகப் பெயரிடப்பட்ட தளம் அது.

தந்தையார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வேலியோரம் நின்றார். பேரனிடம் ஒன்றே சொன்னார்: “தம்பி, வளைவுக்கு முன்னே அடங்கு, வளைவைத் தாண்டியபின் ஓடு.”

சிவப்பு விளக்குகள் அணைந்தன. வண்டுக் கூட்டம் போல் இரைந்துகொண்டு வண்டிகள் பாய்ந்தன. ஒன்பதாவதாகப் புறப்பட்டவன் ஒவ்வொருவராகக் கடந்து, கடைசிச் சுற்றில் நான்காம் இடத்திற்கு வந்தான். மூன்றாமவன் அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தான். அடுத்த வளைவில் அந்தப் பையன் சற்றுத் தடுமாறினான். உட்புறத்தில் அரை வண்டி நுழையும் இடைவெளி தெரிந்தது. நுழைந்தால் இடிபடுவது உறுதி. பரிசும் ஏறக்குறைய உறுதி. “போ, போ!” என்று நான் கத்தினேன். அவன் காலைத் தளர்த்தினான். கட்டமிட்ட கொடி அசைந்தபோது நான்காம் இடமே அவனுக்கு வாய்த்தது. பரிசோ மூவருக்கு மட்டுமே.

தலைக்கவசத்தைக் கழற்றியவனிடம், “ஏன் விட்டாய்?” என்று சீறினேன்.

“இடித்தால்தான் போக முடியும் அப்பா. போன முறை நான் இடித்த பையனும் அவன்தான்” என்றான்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. தந்தையார் என் தோளைத் தொட்டார். “மலைப்பாதையில் முப்பது ஆண்டுகளில் நான் யாரையும் முந்தியதாக உனக்கு நினைவிருக்கிறதா? ஏற்றியவர்களை வீடு சேர்த்தது மட்டும் நினைவிருக்கும்” என்றார். பிறகு பேரனின் வியர்த்த தலையைத் தம் துண்டினால் துடைத்தார்.

என் முகவாட்டத்தைக் கண்ட மைத்துனர் ஒரு செய்தி சொன்னார். கோவையிலே வளர்ந்த நரேன் கார்த்திகேயன், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரராக 2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில் ஓடிய முதற்போட்டியில் 15-ஆம் இடமே பெற்றாராம். அவ்வாண்டு ஜூன் மாதம் இண்டியானாபொலிசில், டயர்க் கோளாறு காரணமாகப் பிறர் விலகிவிட, ஆறே வண்டிகள் ஓடிய போட்டியில் நான்காவதாக முடித்து 5 புள்ளிகள் பெற்றாராம். “முதற்போட்டியை வைத்து யாரையும் அளக்காதீர்கள், மாமா” என்றார்.

ஊர் திரும்பியதும் மனைவி வாயிலிலேயே, “அடிபட்டதா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “யாரையேனும் இடித்தானா?” என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்றேன். அப்போதுதான் அவள் முகம் மலர்ந்தது. எத்தனையாம் இடம் என்று அவள் கேட்கவே இல்லை.

வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் ஜீப் வேலை மிகும். அப்போது மீட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அடுத்த போட்டிக்கும் தந்தையாரை அழைத்துச் செல்வேன். வேலியோரம் நின்று கத்தாமலிருக்க நான்தான் பழக வேண்டும்.