மங்கரேவாவில் ஒரு நண்பகல்

பசிபிக் மாகடலில், தாகித்தியிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில் காம்பியர் தீவுகள் உள்ளன. அவற்றுள் பெரியதாகிய மங்கரேவாவின் புனித மிக்கேல் பேராலயத்தில், முத்துச்சிப்பி இழைத்த பீடத்தின் முன் முழந்தாளிட்டுச் செபித்தோம்.

அன்று நண்பகல் ஒரு மீனவர் இல்லத்தில் விருந்து. நம்மை உபசரிக்க இளைய மகன் பெரிய களவா மீனொன்றைக் கொணர்ந்தான். "எந்தப் பவளப்பாரில் பிடித்தாய்?" என்று தாய் வினவினார். அவன் இடத்தைச் சொன்னதும், "வேண்டாம், புதைத்துவிடு" என்றார். நாம் திகைத்தோம். மீனோ புத்தம் புதியது. கெட்ட வாடை சிறிதும் இல்லை.

உடனிருந்த பங்குத் தந்தை விளக்கினார். இறந்த பவளத்தின்மேல் படரும் பாசியில் நுண்ணுயிர் ஒன்று வாழ்கிறது. 1960-களின் பிற்பகுதியில் இத்தீவினர் பலர் மீனுண்டு நோயுற்றனர். அதன் காரணத்தை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட அவ்வுயிருக்கு, 1979-இல் இத்தீவுகளின் பெயராலேயே காம்பியர்டிஸ்கஸ் என்று பெயரிட்டனர். பாசி தின்னும் சிறு மீன்கள் வழியாக அதன் நஞ்சு பெரு மீன்களில் சேர்ந்து குவிகிறது. சமைத்தாலும் உப்பிட்டாலும் அழிவதில்லை, முறிமருந்தும் இல்லை. நச்சு மீனில் ஈ மொய்க்காது, வெள்ளிக்காசு கறுக்கும் என்னும் சோதனைகள் நம்பத்தக்கவையல்ல. பிடித்த இடமறிதல், பெரிய மீனை விலக்குதல், தலையையும் ஈரலையும் உண்ணாமை ஆகியவையே காப்பு.

"என் தம்பி உண்டு பிழைத்தான். பல வாரங்கள் குளிர்ந்த நீரும் அவன் கையை நெருப்பாய்ச் சுட்டது" என்றார் அத்தாய்.

பின், விருந்தினர் முன் சிறிதும் நாணாமல், சுட்ட சீமைப்பலாவும் தேங்காய்ப்பாலும் பரிமாறினார். அன்பினால் மறுக்கப்பட்ட அந்த மீனுக்கும் சேர்த்து நன்றி கூறி உண்டோம்.