யார் பேரில் வந்த பெட்டி

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நியூஜெர்சியில் என் தங்கை வீட்டு வாசலில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். போட்டுவிட்டுப் போனவர் மணிகூட அடிக்கவில்லை. ஒரு மூலை நனைந்து நசுங்கியிருந்தது. மேலே 'உயிருள்ளவை' என்று சிவப்பு எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதன்கிழமையே வந்திருக்க வேண்டிய பெட்டி. பனிப்பொழிவில் எங்கோ ஒரு கிடங்கில் ஓர் இரவு கூடுதலாகக் கிடந்துவிட்டு வந்திருக்கிறது.

தங்கை அதைத் தூக்குவதற்கு முன்னால் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"லேசா நாறுது. ஒண்ணாவது போயிருக்கும். அக்கா, கூடத்து லைட்டை எல்லாம் அணைச்சிரு. ஜன்னல் திரையையும் இழுத்து விடு."

பெட்டிக்குள் இருந்தவை பவளங்கள். உயிருள்ளவை. என் ஆய்வுப் பட்டத்துக்காக ஐந்து வருடம் சங்க இலக்கியத்தின் நெய்தலில் கிடந்தவள் நான். துகிர் என்ற சொல்லை எத்தனையோ முறை அட்டையில் குறித்து வைத்திருக்கிறேன். பட்டினப்பாலை சொல்லும் துறைமுகச் சரக்குகளில் துகிரும் ஒன்று. அதன் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் புலவர்கள் அதைப் பெண்ணின் உதட்டில் ஒட்டவைத்துவிட்டார்கள். அது ஒரு பிராணி, அதற்கு வாய் உண்டு, பசி உண்டு என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல் தங்கை சொல்லித்தான் மனதில் பதிந்தது. உதட்டுக்கு உவமை சொன்னவர்கள் யாரும் பவளத்தின் வாயைப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். பவளக் கல்லைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் வெள்ளையடித்த வீட்டில் வளர்ந்தோம். தீவுகளிலிருந்து தோணியில் வந்து இறங்கும் கல்லைப் பெண்கள் தலைச்சுமையாகக் காளவாய்க்குக் கொண்டுபோவதை அரைப்பாவாடை வயதில் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அது கல். முருகைக்கல். வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001-இல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. புலி இருக்கிற அட்டவணை அது. எங்கள் ஊரில் யாராவது கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து அதில் கல்பவளம் வளர்த்தால் வனத்துறை வந்து நிற்கும். அமெரிக்காவில் அது ஒரு பொழுதுபோக்கு. பண்ணையில் ஒரு தாய்ப்பவளத்திலிருந்து கிள்ளி, சிறு சிமெண்டு வில்லையில் ஒட்டி வளர்த்து, கூரியரில் அனுப்புகிறார்கள். வீட்டுக்குள் கடலை வைத்துக்கொள்ளும் ஆசை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த வழக்கைத் தங்கையோடு நான் முடிக்கவில்லை.

தொட்டி தங்கை கணவருடையது. அப்படித்தான் சொல்வார்கள். வாங்கியது அவர், பாறை அடுக்கியது அவர், விளக்கு மாட்டியது அவர். சனிக்கிழமை விருந்துக்கு வருகிறவர்கள் அவர் தோளில் தட்டி, "சூப்பர்ங்க, எப்படித்தான் மெயின்டெயின் பண்றீங்களோ" என்பார்கள். நல்ல மனிதர். அவரும் சிரித்துக்கொண்டே, "அவளும் கூடமாட ஹெல்ப் பண்ணுவா" என்பார். கூடமாட என்பது என்னவென்று மூன்று மாத விடுப்பில் போய்த் தங்கியபோதுதான் பார்த்தேன். காலையில் வெப்பநிலையைக் குறிப்பாள். ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றுவாள். கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவாள். வாரம் இருமுறை காரத்தன்மையையும் கால்சியத்தையும் சோதிப்பாள். வாரம் ஒருமுறை உப்பு கரைத்து, அடர்த்தி 1.025 வருகிறதா என்று பார்த்து, தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை மாற்றுவாள். ஒரு நோட்டில் எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது, மூன்று வருடத்துக்கு. அவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில். அன்றைக்கும் கலிபோர்னியா போகும் விமானத்தில் இருந்தார்.

தங்கை விலங்கியலில் முதுகலை. 11 வருடமாக அந்த நாட்டில் கணவரைச் சார்ந்தவர் என்ற விசாவில் இருக்கிறாள். கணவரின் நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் மனைவி வேலை அனுமதி கேட்கலாம் என்று 2015-இல் விதி வந்தது. அவர் இரண்டு முறை நிறுவனம் மாறினார். இரண்டு முறையும் அந்தக் கட்டத்துக்கு முன்பே மாறினார். அது இன்னொரு கட்டுரை.

பெட்டியைத் திறந்தோம். தெர்மாகோல் உறை ஒரு பக்கம் பிளந்திருந்தது. குளிர்காலத்தில் சூடு தருவதற்காக ஒரு பொட்டலம் வைப்பார்கள். இரும்புத்தூள் காற்றுபட்டுத் துருவேறும்போது வரும் சூடு. அதைச் செய்தித்தாளில் சுற்றி மூடியின் உள்பக்கம் ஒட்ட வேண்டும், காற்று போக வழி விட வேண்டும், பையில் படக்கூடாது. இதில் அது ஒரு பையின் மேல் நேராகக் கிடந்தது. சூடெல்லாம் எப்போதோ முடிந்து செங்கல்லாக இறுகியிருந்தது. நான்கு பைகள். இரட்டைப் பை போட வேண்டிய இடத்தில் ஒற்றைப் பை. ஒன்றில் தண்ணீரே இல்லை, ஒழுகிப் போயிருந்தது.

"படம் எடு. எல்லாத்தையும் பையோடயே எடு. பிரிக்குறதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் ஒத்துக்குவான். வந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள அனுப்பணும்."

எடுத்தேன். இருட்டில் எடுத்ததால் பாதிப் படம் மங்கல்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அவள் செய்ததை நான் பார்த்துக்கொண்டும், சொன்னதைச் செய்துகொண்டும் இருந்தேன். வெப்பமானியைப் பையின் வெளிப்பக்கம் வைத்து மடித்துப் பிடித்தாள்: 17 டிகிரி. தொட்டியில் 25. பால்போலக் கலங்கியிருந்த ஒரு பையை மட்டும் தனியே ஒதுக்கினாள். மற்றவற்றை மூடிய பையோடு, நோயுற்றவற்றுக்கென்று வைத்திருக்கும் சின்னத் தொட்டியில் மிதக்கவிட்டாள். நான் உடனே பிரித்துவிடலாமே என்றேன். அடைத்து வந்த தண்ணீரில் பிராணியின் கழிவு அம்மோனியா சேர்ந்திருக்கும். மூச்சில் வெளிவந்த கரியமிலவாயுவும் அதே தண்ணீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டியிருப்பதால் அந்த அம்மோனியா அதிகம் கடிக்காமல் இருக்கும். பையைத் திறந்த உடனே வாயு வெளியேறும், தண்ணீர் காரமாகும், அதே அம்மோனியா நஞ்சாகும். அதனால் மூடியிருக்கும்போதே சூட்டைச் சமன் செய்ய வேண்டும், திறந்த பிறகு தாமதிக்கக்கூடாது, பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது. இதை அவள் சொல்லிய விதம் எனக்குப் புதிதாக இல்லை. கல்லூரிக் காலத்தில் தேர்வுக்கு முந்தின இரவு மொட்டைமாடியில் நடந்து நடந்து சொல்லிப் பார்ப்பாளே, அதே குரல்.

கலங்கிய பையைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்த் திறந்தாள். அழுகிய முட்டை நாற்றம். தீப்பந்தம் என்று பெயர் கொண்ட பவளம் அது, தசை கரைந்து வெறும் எலும்பு. சூட்டுப் பொட்டலம் பட்ட பையில் இருந்தது கொம்புப் பவளம். தொட்டதும் தோல் உரிந்து வந்தது. அதுவும் போயிற்று. வெளுத்தது வேறு, செத்தது வேறு என்று அப்போதுதான் காட்டினாள். உடம்புக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசி வெளியேறிவிட்டால் பவளம் வெளுக்கும், ஆனால் கண்ணாடிபோல ஒரு தசை எலும்பின் மேல் இருக்கும், அதற்கு உயிர் உண்டு, பிழைக்கலாம். இதில் தசையே இல்லை.

ஒழுகின பையில் இருந்தவை பொத்தான் பொத்தானாக இருக்கும் ஒரு வகை. ஈரத்திலேயே மூடிக்கொண்டு கிடந்தன. "இது சாகாது, கெட்டிக்காரி," என்றவள், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்ட பிறகுதான் தொட்டாள். அதில் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. "ஏட்டி, நீ கண்ணைக் கசக்கிராத," என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

நான்காவது, சுத்தியல் பவளம். ஒரே அடியிலிருந்து கிளைத்த நான்கு தலைகள். நான்கும் எலும்புக்குள் சுருங்கியிருந்தன. ஒரு தலையின் மேல் பழுப்பு நிறத்தில் கூழ். அது பரவும் நோய், ஒரே இரவில் மற்ற மூன்றையும் தின்றுவிடும் என்றாள். வான்கோழி வாட்டும்போது மேலே சாறு பீய்ச்சுவதற்கு அமெரிக்க அடுக்களைகளில் ரப்பர் குமிழ் வைத்த ஒரு குழாய் இருக்கும். அதால் கூழை உறிஞ்சி எடுத்தாள். பிறகு எலும்பு வெட்டும் கத்தரியால் அந்தக் கிளையை நறுக்கென்று வெட்டினாள். என் கையில் டார்ச். கை ஆடியது. அவள் கை ஆடவில்லை. மிச்சத்தை அயோடின் கலந்த நீரில் அளவாக முக்கி, சுத்தமான உப்புநீரில் அலசி, சின்னத் தொட்டியின் அடியில், வெளிச்சம் குறைந்த மூலையில், நீரோட்டம் நேராக அடிக்காத இடத்தில் வைத்தாள்.

"இனி தொடக்கூடாது. பாக்கலாம்."

பிறகு கடைக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். வரிசை எண் கேட்டார்கள். சொன்னாள். கணக்கு யார் பெயரில் என்றார்கள். கணவர் பெயரைச் சொன்னாள். அவரிடம் பேச முடியுமா என்றார்கள். விமானத்தில் இருக்கிறார் என்றாள். கணக்குக்கு உரியவரின் மின்னஞ்சலிலிருந்து படங்கள் வந்தால்தான் கோரிக்கை பதிவாகும், இரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்றார்கள். சூட்டுப் பொட்டலம் பையில் பட்டதை, ஒற்றைப் பை போட்டதை, எந்தப் பவளம் எந்த நிலையில் வந்தது என்பதை அவள் வரிசையாகச் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்கு இதைப் பற்றி நன்றாகத் தெரியும் அல்லவா, அவர் வந்ததும் எங்களை அழைக்கச் சொல்லுங்கள்" என்றாள். தங்கை நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குக் கொதித்தது. வகுப்பில் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிட்டேன். வீட்டுவேலை, கணக்கில் வராத உழைப்பு, அறிவு யாருடையது, பெயர் யாருடையது என்று. அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"உன் புத்தகத்துலகூட நான் குடும்பத்தார்தானக்கா."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என் மகள் பிறந்தது 2007-இல். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தது 2009-இல். அந்த இரண்டு வருடமும், முதுகலை முடித்த கையோடு, என் வீட்டில் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது தங்கை. மன்னார் வளைகுடாவைப் பற்றி அவளுக்கும் ஆராய்ச்சி செய்யும் ஆசை இருந்தது. விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அடுத்த வருடம் போட்டுக்கலாம் என்று அம்மா சொன்னாள், நானும் சொன்னேன். 2010-இல் கல்யாணம். என் ஆய்வேடு புத்தகமாக வந்தபோது நன்றியுரை ஒன்றரைப் பக்கம். நெறியாளர், நூலகர்கள், கணவர், தட்டச்சு செய்துகொடுத்தவர், எல்லாரும் பெயரோடு இருக்கிறார்கள். கடைசி வரியில் 'குடும்பத்தார் அனைவருக்கும்'. ஆய்வின் தலைப்பில் இருப்பது நெய்தல் நிலப் பெண்களின் உழைப்பு. உப்பு விற்றவர்கள், மீன் உலர்த்தியவர்கள், காயும் மீனைப் பறவைகள் கொத்தாமல் காவல் இருந்தவர்கள். அவர்களை வரி வரியாகத் தேடிப் பெயரிடாத கவிஞர்களைக் குறை சொல்லி ஒரு முழு இயலே எழுதியிருக்கிறேன்.

அவள் அந்த நன்றியுரையைப் படித்திருக்கிறாள். இத்தனை வருடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பதில் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டால் அவள்தான் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அந்த வேலையும் அவளுக்கா என்று தோன்றியது. டார்ச்சை அணைத்து மேசைமேல் வைத்தேன்.

சிறிது நேரம் கழித்து அவளே, "இதை வெச்சுக் கவிதை கிவிதை எழுதிராத. பெட்டிக்குள்ள வந்த பொண்ணு, வெளுத்துப்போனவ அப்படி இப்படின்னு" என்றாள். சத்தியமாக அந்த உவமை என் மனதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவர் இறங்கியதும் செய்தி அனுப்பினார்: 'எதெல்லாம் பிழைச்சுது?' கேட்டதும் அவர்தான், அடுத்த நாள் கடையோடு பேசிப் பாதிப் பணத்தை வரவு வைக்கச் செய்ததும் அவர்தான். வரவு அவர் கணக்கில்.

ஒன்பதாம் நாள் காலையில் சுத்தியல் பவளத்தின் ஒரு தலை, நுனியில் பச்சையாக, விரல்நகம் அளவுக்கு வெளியே வந்திருந்தது. தங்கை என்னை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினாள். நோட்டில் தேதி போட்டு எழுதினாள். நோட்டை வாங்கி முதலிலிருந்து படிக்கலாமா என்று கேட்டேன். "அதுல என்ன இருக்கு, எண்ணுதான்" என்றாள். ஊருக்குத் திரும்பும்வரை தினம் கொஞ்சமாகப் படித்தேன். எண்களுக்கு நடுவே ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன. எதற்கு எப்போது பசிக்கிறது, எது எதன் பக்கத்தில் இருந்தால் கொட்டுகிறது. ஆய்வேட்டுக்கு ஆகும் அளவு இருக்கிறது. அதைச் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் பேசும்போது, சுத்தியலின் மூன்று தலைகளும் உள்ளங்கை அளவுக்கு விரிகின்றன என்றாள். அதில் ஒரு தலையை வெட்டி, பென்சில்வேனியாவில் தொட்டி வைத்திருக்கும் ஒரு சிநேகிதிக்கு அனுப்பியிருக்கிறாள். காசு வாங்கவில்லை. விற்றால் அது வேலை, அவள் விசாவுக்கு ஆகாது. சும்மா கொடுக்கலாம். இரட்டைப் பை போட்டாளாம். பைக்குள் பவளம் உருளாமல் இருக்க ஒரு தெர்மாகோல் துண்டில் கட்டி மிதக்கவிட்டாளாம். சூட்டுப் பொட்டலத்தை மளிகைக்கடை விளம்பரத்தாளில் சுற்றி மூடியில் ஒட்டி, காற்று போக அட்டையில் பேனாவால் ஒரு ஓட்டை போட்டாளாம். அந்த ஓட்டையின் படத்தைத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறாள். அதற்குக் கீழே, கொஞ்சம் மங்கலாக, அனுப்புநர் என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் அவள் பெயர்.