நல்லா இருக்கேன் சார்!

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாலும், யாராவது ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் வாய் சொல்லும். அந்த இரண்டு வார்த்தை எனக்கு மூன்றேகால் லட்ச ரூபாய்க்கு உலை வைக்கப் பார்த்தது. வீட்டுக்காரி புண்ணியத்தில் தப்பித்தேன்.

2022 ஆகஸ்ட். ஆபீஸ் முடிந்து வேளச்சேரி பக்கம் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். இண்டிகேட்டர் போடாமல் திரும்பிய ஒரு லோடு வேன், என் இடது காலை முழங்காலுக்குக் கீழே இரண்டாக்கியது. டிரைவர் ஓடவில்லை. பாவம், ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டதே அவர்தான். ஆபரேஷன், ஒரு பிளேட், எட்டு ஸ்குரூ... ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தால் ஹார்டுவேர் கடை பில் மாதிரி இருந்தது.

வேனுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. ரோட்டில் போகிற மூன்றாம் மனிதருக்கு அடிபட்டால் நஷ்டஈடு தரத்தான் சட்டம் அந்த இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறதாம். அதுவரை ‘தேர்டு பார்ட்டி’ என்றால் தேர்தலில் டெபாசிட் இழக்கிற கட்சி என்று நினைத்திருந்தேன். அது நானேதான்!

வண்டிக்கு அடி என்றால் சர்வேயர் வருவார். ஆளுக்கு அடி என்றால் இன்வெஸ்டிகேட்டர். எனக்கு வந்தவர் அரை டஜன் சாத்துக்குடியோடு வந்தார். என் சொந்த மாமாகூட வெறுங்கையோடுதான் வந்திருந்தார்!

“எப்படி சார் இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் சார்.”

“வலி?”

“பரவாயில்லை சார்.”

“ஆபீஸ் எப்போ?”

“சீக்கிரமே போயிடுவேன் சார்.”

அதையெல்லாம் அழகாக எழுதிக்கொண்டு கையெழுத்து கேட்டார். வீடு தேடி வந்த மனுஷனிடம் எப்படி முடியாது என்பது? போட்டேன்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். “கேஸு, கோர்ட்டுன்னு ஏன் சார் அலையணும்? கம்பெனியில பேசி அறுபதாயிரம் வாங்கித் தர்றேன். இதுல ஒரு கையெழுத்து போதும்” என்று ஒரு பாரத்தை நீட்டினார்.

அறுபதாயிரம்! எனக்கோ சம்பளமில்லா விடுப்பு. மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட மனைவியின் வளையல் அடகுக் கடையில். பேனாவைத் திறந்தேவிட்டேன்.

காபி கொண்டுவந்தவள் பாரத்தை வாங்கிப் படித்தாள். “ஏங்க, இதுல ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’னு போட்டிருக்கே? பிளேட்டை எடுக்க அடுத்த வருஷம் இன்னொரு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாரே, அதுக்கு யார் தருவாங்க?”

இன்வெஸ்டிகேட்டர் காபியைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். வளையலை இழந்தவள் நிதானமாக இருந்தாள், எனக்குத்தான் அவசரம்.

வக்கீலிடம் போனோம். “முதல்ல, இனிமே யார்கிட்டயும் நல்லா இருக்கேன்னு சொல்லாதீங்க” என்றார். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளச் சான்றிதழ், மருந்துக் கடைத் துண்டுச் சீட்டு வரை எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொன்னார்.

மெடிக்கல் போர்டு 20 சதவிகித ஊனம் என்றது. “அப்போ சம்பளத்துல 20 சதவிகிதம் கணக்காகுமா சார்?” என்றேன். ஆகாதாம். உடம்பில் எவ்வளவு போச்சு என்பதல்ல, பிழைப்பில் எவ்வளவு போச்சு என்பதே கணக்கு என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். லாரி டிரைவருக்குக் கால் போவது வேறு, நாற்காலியைத் தேய்க்கிற எனக்குப் போவது வேறு. பதினோரு வருஷமாக ஆபீஸுக்கு நான் எதைக் கொண்டு உழைத்தேன் என்பது அன்றுதான் புரிந்தது!

உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் விசாரணை. இன்ஷூரன்ஸ் வக்கீல் அந்தப் பழைய தாளை எடுத்தார். “நன்றாக இருக்கிறேன் என்று நீங்களே கையெழுத்து போட்டுக் கொடுத்தீர்களா இல்லையா?”

“கொடுத்தேன்.”

எங்கள் வக்கீல் எழுந்தார். “அதைச் சொல்லும்போது எப்படி இருந்தீர்கள்?”

“படுத்திருந்தேன். கால் மூன்று தலையணை மேல் இருந்தது.”

நீதிபதி சிரித்துவிட்டார்.

2024-ல் தீர்ப்பு: 3,85,000 ரூபாயும் வட்டியும். இரண்டாவது ஆபரேஷன் கடன் அடைந்தது. வளையலும் வீடு திரும்பியது.

சமரசம் தப்பே இல்லை. லோக் அதாலத்தில் எத்தனையோ பேர் பேசி முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே முடித்தால் அப்பீல் கிடையாது. அதனால் எலும்பு கூடிய பிறகு பேச வேண்டியதைக் கட்டுப் பிரிக்குமுன் பேசாதீர்கள். வருகிறவர் நல்லவராகவே இருக்கலாம்; அவருக்குச் சம்பளம் கொடுப்பது எதிர்ப்பக்கம். அதை மட்டும் மறக்க வேண்டாம்.

தீர்ப்பன்று வராந்தாவில் அதே இன்வெஸ்டிகேட்டர் எதிரே வந்தார். அதே சிரிப்பு.

“எப்படி சார் இருக்கீங்க?”

‘நல்லா’ என்று வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்த மனைவி கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“வலிக்குது சார்” என்றேன். சத்தியமான வார்த்தை!